பிக்சல் 8 போனில் மெமரி டேக்கிங்கைப் போட்டுப் பிழை பிடிப்பது எப்படி

படச் செயலி ஒன்றுக்கு நான் எழுதிய சி++ பகுதி எப்போதாவது க்ராஷ் ஆகும். என் மேசையில் ஒருநாளும் ஆகாது. பயனர்களிடமிருந்து வரும் பதிவு ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்தைக் காட்டும். மூன்று வாரம் அலைந்தேன். கடைசியில் பிடித்துக் கொடுத்தது போனின் சிப்தான்.

கோயில் வாசலில் செருப்பு விட்டால் டோக்கன் தருவார்களே, சிப்களை வடிவமைக்கும் ஆர்ம் நிறுவனத்தின் மெமரி டேக்கிங் எக்ஸ்டென்ஷன், சுருக்கமாக எம்டிஇ, அதே ஏற்பாடு. நினைவகத்தின் ஒவ்வொரு 16 பைட்டுக்கும் 4 பிட் எண் ஒன்று உண்டு. நினைவக முகவரியை வைத்திருக்கும் பாயிண்டரின் மேல்பக்கம் சும்மா கிடக்கும் பிட்களில் அதே எண் இருக்கும். படிக்கும்போதும் எழுதும்போதும் சிப் இரண்டையும் ஒப்பிடும். ஓர் இடத்தை ஃப்ரீ செய்ததும், அதாவது விடுவித்ததும், அதன் எண் மாறிவிடும். பழைய டோக்கனோடு வருபவர் அங்கேயே மாட்டிக்கொள்வார். 2023-இல் வந்த பிக்சல் 8-இல் இதை நாமே போட்டுக்கொள்ளலாம்.

பில்டு எண்ணை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதற்குள் மெமரி டேக்கிங் எக்ஸ்டென்ஷனைப் போட்டால் போன் மறுபடி தொடங்கும். பிறகு உங்கள் செயலியின் அமைப்புகளைச் சொல்லும் மேனிஃபெஸ்ட் கோப்பில், அப்ளிகேஷன் பகுதியில் மெம்டேக்மோட் என்பதை சிங்க் என்று வையுங்கள். அசிங்க் வேண்டாம்: அதில் பிழை நடந்த வரி தெரியாது, அடுத்து இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குள் போகும்போதுதான் செயலி விழும். பிழை தேடும்போது அது உதவாது.

இனி செயலியை வழக்கம்போல் ஓட்டுங்கள். விழுந்ததும் டூம்ஸ்டோன் என்ற க்ராஷ் பதிவுக் கோப்பைத் திறந்து, ‘காஸ்’ என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். எனக்கு அங்கே யூஸ் ஆஃப்டர் ஃப்ரீ (விடுவித்த இடத்தை மறுபடி தொடுவது) என்றும், அது 4096 பைட் துண்டு என்றும் எழுதியிருந்தது. கீழே அந்தத் துண்டை வாங்கிய த்ரெட் (செயலிக்குள் தனியாக ஓடும் வேலை), விடுவித்த த்ரெட் இரண்டின் அழைப்பு வரிசையும் இருந்தன. திரையை மூடும் நிரல் பகுதி சிறுபடத்தின் பஃபரை, அதாவது அதற்கான நினைவகத் துண்டை, விடுவித்துவிட்டது. பின்னணி த்ரெட் இன்னும் அதில் எழுதிக்கொண்டிருந்தது. பார்த்த இரண்டாவது நிமிடமே புரிந்துவிட்டது.

ஆனால் முதல் இரண்டு நாள் எம்டிஇ எனக்கு எதையுமே காட்டவில்லை. காரணம், வேகத்துக்காக நானே எழுதி வைத்திருந்த மெமரி பூல், அதாவது துண்டுகளை விடுவிக்காமல் வைத்திருந்து மறுபடி கொடுக்கும் தொகுப்பு. பஃபர் பூலுக்குத்தான் திரும்பியது, உண்மையில் ஃப்ரீ ஆகவில்லை, எண்ணும் மாறவில்லை. சோதனை பில்டில் பூலைத் தாண்டி நேரே மேலாக் (இடம் வாங்க), ஃப்ரீ (விடுவிக்க) என்று மாற்றிய பிறகுதான் பிழை வெளியே வந்தது. உங்களிடமும் பூல் இருந்தால் முதலில் அதை விலக்குங்கள். இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று இன்றும் தோன்றும்.

வேறு சில ஓட்டைகளும் உண்டு. 20 பைட் கேட்டால் 32 பைட் இடம் ஒரே எண்ணில் கிடைக்கும். 25-ஆவது பைட்டில் எழுதினாலும் சிப் பேசாது. ஃபங்ஷன்களின் தற்காலிக நினைவகமான ஸ்டாக்கில் உள்ள மாறிகளுக்கு கம்பைலரில் தனியாகச் சொல்ல வேண்டும். மொத்தம் 16 எண்கள்தான் என்பதால் பழைய பாயிண்டரின் எண் தற்செயலாகப் பொருந்திவிடவும் கூடும். சிப் அடுத்த வேலையை ஊகித்து முன்கூட்டியே செய்து பார்க்கும் ஊக இயக்கத்தின் வழியே எண்ணைக் கசியவைக்கலாம் என்று 2024-இல் ஆய்வாளர்கள் காட்டியும்விட்டார்கள்.

அப்படியும் வெளியீட்டு பில்டில் அசிங்க் முறையைப் போட்டே வைத்திருக்கிறேன். என்னைச் சுற்றவிட்ட இதே வகைப் பிழையைத்தான் வேவு மென்பொருள் எழுதுபவர்கள் தேடி அலைகிறார்கள். பயனரின் போனில் அது அவர்கள் கைக்குப் போவதைவிட, செயலி விழுந்து எனக்குப் பதிவு வருவது மேல்.