எல்லை தாண்டும் சிறுவிமானம்: எஃப்.சி.சி. ரேடியோ உரிமம் எடுக்கும் வழி

அமெரிக்காவில் பதிவான தனியார் விமானத்தை உள்நாட்டுக்குள் மட்டும் ஓட்டுகிறவர் வழக்கமான வி.எச்.எஃப். ரேடியோவுக்குத் தனி உரிமம் எடுக்க வேண்டாம். 1996-இல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டது. அதனால்தான் கனடா, மெக்சிகோ, பஹாமாஸ் என்று கிளம்பும்போது பலர் இதை மறந்துவிடுகிறார்கள். பன்னாட்டு விமானப் பயணத்துக்கான 1944 சிகாகோ உடன்படிக்கையின் 29, 30-ஆம் பிரிவுகள் அங்கே குறுக்கே வரும்: எல்லை தாண்டும் விமானத்தின் ரேடியோவுக்கு உரிமம் இருக்க வேண்டும் என்கின்றன அவை. தரையிறங்காவிட்டாலும், வெளிநாட்டுத் தரை நிலையத்தோடு பேசினாலே உரிமம் வேண்டும்.

தேவையானவை இரண்டு. ஒன்று விமானத்தின் ரேடியோவுக்கான நிலைய உரிமம். 10 ஆண்டு செல்லும். மற்றொன்று விமானிக்கான கட்டுப்படுத்தப்பட்ட ரேடியோ அனுமதி. தேர்வு கிடையாது, ஆயுள் முழுக்கச் செல்லும். வாடகை விமானம் என்றால் நிலைய உரிமம் உரிமையாளரிடம் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். விமானி அனுமதி எப்படியும் உங்கள் பொறுப்பு.

முதலில் எஃப்.சி.சி.யின் கோர்ஸ் தளத்தில் பதிந்து எஃப்.ஆர்.என். என்ற பதிவு எண் வாங்குங்கள். தாமதம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. விமானம் எல்.எல்.சி. (வரையறுத்த பொறுப்பு நிறுவனம்) பெயரில் இருந்தால், நிறுவனத்தின் வரி எண்ணைக் கொடுத்து அதற்கென ஓர் எஃப்.ஆர்.என். எடுக்க வேண்டும், விமானி அனுமதிக்கோ உங்கள் சொந்த எஃப்.ஆர்.என். வேண்டும். இரண்டையும் ஒரே எண்ணில் போட்டால் உரிமம் தவறான பெயரில் வந்து நிற்கும்.

பிறகு எஃப்.சி.சி.யின் உரிம விண்ணப்பத் தளமான யு.எல்.எஸ்.-இல் நுழைந்து புதிய உரிமம் கேளுங்கள். விமானத்துக்குச் சேவைக் குறியீடு 'ஏ.சி.', விமானிக்கு 'ஆர்.ஆர்.'. அமெரிக்காவில் வேலை பார்க்கத் தகுதியில்லாத வெளிநாட்டவர், எஃப்.ஏ.ஏ. (அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம்) தந்த விமானிச் சான்றிதழ் வைத்திருந்தால் 'ஆர்.எல்.' தேர்ந்தெடுக்க வேண்டும். விமானத்தின் பதிவெண்ணான என்-எண்ணை எஃப்.ஏ.ஏ. பதிவுச் சான்றிதழைப் பார்த்தே தட்டுங்கள். கட்டணத்தை விண்ணப்பித்த 10 நாளுக்குள் கட்டாவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடியாகும். இரண்டு விண்ணப்பங்களுக்கும் தனித்தனிக் கட்டணம்.

உரிமம் தபாலில் வரும் என்று காத்திருக்காதீர்கள். தளத்தில் உள்நுழைந்து அதிகாரபூர்வப் பிரதியை நீங்களே அச்சிட வேண்டும். பொதுத் தேடலில் கிடைப்பது 'பார்வைப் பிரதி' மட்டுமே. அவசரத்தில் அதை அச்சிட்டு எடுத்துப் போகிறவர்கள் உண்டு. நிலைய உரிமம் விமானத்தில் இருக்கட்டும், அனுமதி விமானியின் பையில்.

விமானத்தை விற்றால் உரிமம் கூடவே போகாது. பழையது ரத்தாக வேண்டும்; வாங்கியவர் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். முகவரி மட்டும் மாறினால் யு.எல்.எஸ்.-இல் நிர்வாகத் திருத்தம் போதும். புதுப்பிப்பை, காலாவதிக்கு முந்தைய 90 நாளுக்குள் செய்யலாம்.

கையடக்க ரேடியோவில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதை விமானத்துக்குள் பயன்படுத்தும்வரை நிலைய உரிமமே போதும். தரையில் நின்று பேச அது செல்லாது. அதற்குத் தரை நிலைய உரிமம் தனி.