கடைசி வரியில் எழுதாதீங்க எஸ்எம்பிஎஸ்ஸை

திருமங்கலத்தில் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். தெரிந்த பிள்ளைகள் கேட்டால் கம்ப்யூட்டரும் மாட்டிக் கொடுப்பேன். அவர்கள் எழுதிக்கொண்டு வருகிற பட்டியலில் பிராசஸர், ரேம், கிராபிக்ஸ் கார்டு எல்லாம் மாடல் நம்பரோடு இருக்கும். கடைசி வரி மட்டும் "எஸ்எம்பிஎஸ் – ஏதாவது ஒண்ணு". சுவர் கரண்ட்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்ற வோல்ட்டாக மாற்றிக் கொடுக்கும் பெட்டிதான் எஸ்எம்பிஎஸ். பணம் பத்தவில்லை என்றால் முதலில் கை வைப்பதும் அந்த வரியில்தான்.

என் முதல் மெஷினுக்கு நானும் அதைத்தான் செய்தேன். கேபினட்டோடு சேர்ந்து வந்த எஸ்எம்பிஎஸ். ஒன்றரை வருஷம் ஓடியது. ஒரு சாயங்காலம் கரண்ட் போய்த் திரும்ப வந்த நொடியில் டப் என்று ஒரு சத்தம், கருகல் வாசம். மதர்போர்டும் போனது, ஹார்ட் டிஸ்கும் போனது. அந்த டிஸ்கில் ஒரு குழந்தையின் காதுகுத்துப் படங்கள் இருந்தன. தாய்மாமன் மடியில் உட்கார்ந்து அழுத பிள்ளை, கெடா வெட்டு, சீர்த்தட்டு, எல்லாமே. படம் ஒன்றுகூட இல்லை என்று அந்த அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அன்றிலிருந்து பட்டியலை நான் எஸ்எம்பிஎஸ்ஸில்தான் ஆரம்பிக்கிறேன்.

கடையில் பெட்டியை வாங்கியதும் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வாட்ஸைப் பார்க்காதீர்கள். பக்கவாட்டு ஸ்டிக்கரில் இருக்கும் சின்னக் கட்டத்தைப் படியுங்கள். அதில் 12 வோல்ட்டுக்குக் கீழே எத்தனை ஆம்ப்ஸ் என்று போட்டிருக்கும். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் தின்பது பெரும்பாலும் அந்த 12 வோல்ட்டைத்தான். போன மாதம் ஒரு தம்பி "450 வாட்ஸ்க்கா" என்று சந்தோஷமாகக் கொண்டுவந்ததில் 12 வோல்ட் 16 ஆம்ப்ஸ். பெருக்கினால் 192 வாட்ஸ். பக்கத்தில் 5 வோல்ட் 25 ஆம்ப்ஸ், அது 125. 3.3 வோல்ட் 20 ஆம்ப்ஸ், அது 66. மூன்றையும் கூட்டினாலும் 383தான் வருகிறது. ஒழுங்கான 450 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட்டில் மட்டுமே ஏறத்தாழ 36 ஆம்ப்ஸ் இருக்கும், 432 வாட்ஸ். பெருக்கிப் பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. ஸ்டிக்கரில் ஆம்ப்ஸ் கட்டமே இல்லையென்றால் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

அடுத்து உங்கள் மெஷினுக்கு எவ்வளவு தேவை என்ற கணக்கு. ஐ3 12100எஃப் பிராசஸர் முழு மூச்சில் ஓடினால் 89 வாட்ஸ். ஆர்எக்ஸ் 6600 கார்டு 132. போர்டு, ரேம், டிஸ்க், ஃபேன் எல்லாவற்றுக்கும் 60 வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 281. இதற்கு நல்ல 450 தாராளம், 550 வாங்கினால் நாளைக்குக் கார்டு மாற்றவும் இடம் இருக்கும். 750 எதற்கு? அந்தக் காசுக்கு இன்னொரு எஸ்எஸ்டி வாங்கலாம். செகண்ட் ஹேண்டில் ஆர்எக்ஸ் 580 வாங்குகிறவர்கள் மட்டும் கவனம். அந்தக் கார்டு ஒன்றே 185 வாட்ஸ், 8 பின் வயரும் கேட்கும். அந்த வயர் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே வர வேண்டும். மோலக்ஸிலிருந்து (பழைய நாலு பின் கனெக்டர்) மாற்றும் கன்வெர்ட்டர் போட்டு, பிளாஸ்டிக் உருகி ஒட்டிப்போன பின்களை நான் கட்டிங் பிளேயரால் பிடுங்கியிருக்கிறேன்.

80 பிளஸ் முத்திரையைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். எடுக்கிற கரண்ட்டில் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான சான்று அது. 115 வோல்ட்டில் சோதிக்கும்போது பாதி லோடில் வெள்ளை முத்திரைக்கு 80 சதவீதம், வெண்கல (பிரான்ஸ்) முத்திரைக்கு 85 சதவீதம் பயன்பட வேண்டும். நம் 230 வோல்ட்டில் கொஞ்சம் கூடுதலாகவே கிடைக்கும். மெஷினுக்கு 200 வாட்ஸ் தேவை என்றால் 85 சதவீத எஸ்எம்பிஎஸ் சுவரிலிருந்து 235 இழுக்கும், 70 சதவீத மட்டரகம் 286 இழுக்கும். தினம் ஆறு மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாத பில்லில் 18 யூனிட் வித்தியாசம். மிச்சமெல்லாம் சூடாகத்தான் வெளியே வருகிறது. அக்னி நட்சத்திரத்தில் ஷீட் போட்ட மாடி அறையில் உட்கார்ந்து பாருங்கள், அந்த 51 வாட்ஸ் சூடு தெரியும்.

நம் பக்கத்துக்கு இதையெல்லாம்விட முக்கியம் இன்புட் வோல்டேஜ். சோழவந்தான் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் மெஷின் சாயங்காலமானால் தானாக அணைந்து அணைந்து எரிகிறது என்று கூப்பிட்டார்கள். மீட்டரை வைத்தேன், 178 வோல்ட். சுற்றி வயலில் மோட்டார் ஓடும் நேரம். எஸ்எம்பிஎஸ்ஸில் 200–240 என்று போட்டிருந்தது. 100–240 போட்டதை மாட்டினேன், பிரச்சினை அதோடு நின்றது. லைன் கடைசியில் இருக்கும் வீடென்றால் இதைப் பார்க்காமல் வாங்கவே வாங்காதீர்கள். பின்னால் 115, 230 என்று சிவப்பு சுவிட்ச் இருந்தால் அதில் ஆக்டிவ் பிஎஃப்சி (லைனிலிருந்து கரண்ட்டைச் சீராக இழுக்கும் சர்க்யூட்) கிடையாது, பழைய வகை. குறைந்த வோல்டேஜ்தானே என்று அதை 115-க்குத் தள்ளிவிட்டால் போட்ட உடனே வெடிக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்த சுவிட்ச் மேல் டேப் ஒட்டிவிடுவேன்.

யூபிஎஸ் ஏற்கெனவே இருந்தால் 600 விஏ என்பது பெரும்பாலும் 360 வாட்ஸ்தான் என்பதை நினைவில் வையுங்கள். ஆக்டிவ் பிஎஃப்சி உள்ள சில எஸ்எம்பிஎஸ், ஸ்கொயர் வேவ் யூபிஎஸ்ஸுக்கு மாறும் நொடியில் அணைந்துவிடும். அதனால் பில் போடும்போதே "யூபிஎஸ்ஸில் நிற்கவில்லை என்றால் மாற்றித் தருவீங்களாண்ணே?" என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் போனால் இரண்டு மூன்று கடை ஏறி இறங்குங்கள். வாரண்டி எத்தனை வருஷம், ரிப்பேருக்கு மதுரையிலேயே கொடுக்கலாமா, சென்னைக்கு அனுப்ப வேண்டுமா என்பதையும் கேளுங்கள். செகண்ட் ஹேண்ட் ரேம், பிராசஸர் வாங்கலாம். செகண்ட் ஹேண்ட் எஸ்எம்பிஎஸ் வேண்டாம்.

கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறதா? பல பேர் எஸ்எம்பிஎஸ்ஸைத் திட்டுவார்கள். உள்ளே ஃபில்டர் கபாசிட்டர்கள் கசிகிற கரண்ட் எர்த்துக்குப் போக வழியில்லாமல் கேபினட் உடம்பில் நிற்கிறது, அவ்வளவுதான். மூன்று பின் பிளக்கில் எர்த் வயர் வருகிறதா, அது குழி வரை போகிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். இதைச் சரிசெய்யாமல் மெஷினை ஓட்டக் கூடாது.

மாட்டும்போது எஸ்எம்பிஎஸ் ஃபேன் கீழே பார்த்து இருந்தால் கேபினட்டைத் தரையில் வைக்காமல் ஒரு பலகை மேல் ஏற்றுங்கள். பின்பக்க ஓட்டைகளுக்கு மூடி போடுங்கள், பல்லி உள்ளே போய்க் கருகிச் செத்த மெஷின் இரண்டு பார்த்திருக்கிறேன். எல்லாம் முடிந்து கேம் ஒன்று அரை மணி நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது மோலக்ஸ் கனெக்டரின் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவே மீட்டர் வையுங்கள். 11.4-க்கும் 12.6-க்கும் நடுவில் நிற்க வேண்டும். அந்த எண்ணையும் தேதியையும் கேபினட் கதவின் உள்பக்கம் ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தூசி தட்டும்போது திரும்பவும் அளந்து பாருங்கள். 11.4-க்குக் கீழே இறங்கியிருந்தால் அன்றைக்கே பில்லை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்புங்கள்.