அஃபிலியேட் லிங்க்: வாங்க வந்தவரை எந்தக் கடைக்கு அனுப்புவது?

தளம் ரெடி, ரிவ்யூ எழுதியாச்சு, அஃபிலியேட் கணக்கும் (நம் லிங்க் வழியாக யாராவது வாங்கினால் கடை நமக்குக் கமிஷன் தரும் ஏற்பாடு) திறந்தாச்சு என்று வைத்துக்கொள்வோம். மிச்சமிருப்பது "வாங்க" பட்டன் எந்தக் கடைக்குப் போக வேண்டும் என்பது மட்டுமே. உதாரணத்துக்கு 2 லிட்டர் டேபிள் டாப் வெட் கிரைண்டர், விலை 5,000 ரூபாய்.

1. சதவீதத்தில் மயங்காதீர்கள்

கம்பெனியின் சொந்தத் தளம் 10% கமிஷன் தருகிறது, பெரிய ஆன்லைன் கடை 4% தருகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி தளத்துக்கு அனுப்பிய 100 பேரில் ஒருவர் வாங்கினால் 500 ரூபாய். பெரிய கடையில் 5 பேர் வாங்கி, ஒருவர் திருப்பி அனுப்பிவிட்டாலும் 4 × 200 = 800. அந்தக் கடையில் ஏற்கெனவே கணக்கு இருக்கும், வீட்டு முகவரி சேமித்திருக்கும், கேஷ் ஆன் டெலிவரியும் இருக்கும். அதனால்தான் கூடுதலாக வாங்குகிறார்கள். ஆக, பார்க்க வேண்டியது ரிட்டர்ன் போக 100 கிளிக்குக்குக் கையில் நிற்கும் தொகை.

இதை அளக்க, கடைக்கு 500 கிளிக்காவது விடுங்கள். 100 கிளிக்கில் இரண்டு ஆர்டர் கூடுவதும் குறைவதும் வெறும் அதிர்ஷ்டம். தீபாவளி சேல் வாரத்தை சாதா வாரத்தோடு ஒப்பிட்டால் கணக்கே தப்பு.

2. பின்கோடு போட்டுப் பாருங்கள்

கிரைண்டர் கல்லோடு சேர்ந்து கனமான பார்சல். சென்னை, ஒரு மாவட்டத் தலைநகர், ஒரு கிராமம் என மூன்று பின்கோடு போட்டு டெலிவரி உண்டா என்று பாருங்கள். விற்பவர் பெயர், வாரண்டி யார் தருவது, கல் உடைந்து வந்தால் மாற்றித் தருவார்களா என்பதையும் படியுங்கள். ரிட்டர்ன் ஆனால் கமிஷனும் போய்விடும்.

ஒரே பக்கத்தில் 1.25 லிட்டரும் 2 லிட்டரும் சேர்ந்திருக்கும். நீங்கள் ரிவ்யூ செய்த அளவைத் தேர்ந்தெடுத்த பிறகே லிங்க்கை எடுங்கள்.

3. ரீடைரக்ட்: பலரும் சறுக்கும் இடம்

உங்கள் தளத்திலேயே ஒரு குட்டி முகவரி வைத்து, அங்கிருந்து கடைக்குத் திருப்பிவிடுவது வழக்கம். நாளை கடையை மாற்றினால் ஒரே இடத்தில் மாற்றினால் போதும். ஆனால் அது 301 ரீடைரக்டாக இருந்தால், "நிரந்தரமாக மாறிவிட்டது" என்று பிரவுசர் நினைவில் வைத்துக்கொள்ளும். நீங்கள் கடையை மாற்றினாலும் பழைய வாசகர் பழைய கடைக்கே போவார். எனவே "தற்காலிகம்" என்று சொல்லும் 302 அல்லது 307 ரீடைரக்ட்தான் வையுங்கள். ஏற்கெனவே 301 வைத்துவிட்டீர்களா? அமைப்பை மட்டும் மாற்றினால் போதாது, புதிய குட்டி முகவரி ஒன்றை உருவாக்கி பட்டன்களில் அதைப் போடுங்கள். டெஸ்ட் செய்வது எப்போதும் பிரவுசரின் இன்காக்னிட்டோ (பழைய நினைவைப் பயன்படுத்தாத தனி) ஜன்னலில். உங்கள் பிரவுசரும் பழசை மறக்காது.

அமேசானுக்கு இந்த வித்தை வேண்டாம். லிங்க் எங்கே போகிறது என்பதை மறைப்பதை அவர்கள் விதி அனுமதிப்பதில்லை. நேரடி லிங்க் கொடுங்கள். கிளிக் செய்த பின் முகவரியில் உங்கள் டிராக்கிங் ஐடி (விற்பனை உங்கள் மூலம் வந்தது என்று கடைக்குக் காட்டும் அடையாளம்) நிற்கிறதா என்று பாருங்கள். இந்தியக் கணக்கு என்றால் அது -21 என்று முடியும். டெஸ்டுக்காக நீங்களே வாங்காதீர்கள். சொந்த ஆர்டருக்குக் கமிஷன் கிடையாது, விதிமீறலும் கூட.

50 லிங்க்குக்குள் என்றால் லிங்க்குகளை நிர்வகிக்கத் தனி பிளகினே தேவையில்லை என்பது என் கட்சி. வேர்ட்பிரஸ்ஸில் பட்டனை சிங்க்டு பேட்டர்னாக (synced pattern) சேமித்தால் ஓரிடத்தில் மாற்றுவது எல்லாப் பதிவிலும் மாறும். ஒரு பட்டன் ஒரே கட்டுரையில் மட்டும் வருமென்றால், கட்டுரைக்கு ஒரு டிராக்கிங் ஐடி வைத்தால் எது விற்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

4. பட்டனைச் சுற்றி

விலையைக் கையால் டைப் செய்து வைக்காதீர்கள். நாளைக்கே மாறும், அமேசானில் அது விதிக்கும் புறம்பு. லிங்க்கின் கோடில் இது கமிஷன் லிங்க் என்று கூகுளுக்குச் சொல்லும் "ஸ்பான்சர்டு" குறி (rel="sponsored"), பக்கத்தின் மேலே கமிஷன் பெறுகிறேன் என்ற ஒரு வரி, இரண்டையும் மறக்காதீர்கள். ஒன்றுக்கு மேற்பட்ட கடைகளைக் காட்டலாம் என்று கூகுள் யோசனை சொல்கிறது, சரிதான். ஆனால் இரண்டோடு நிறுத்துங்கள். மூன்றாவது பட்டன் வந்தால் வாசகர் விலை ஒப்பிடக் கிளம்பிவிடுவார்.

அப்டேட்: இன்ஸ்டாகிராமுக்குள் திறக்கும் பிரவுசரில் கடைக் கணக்கு பெரும்பாலும் லாகின் ஆகியிருக்காது, பலர் அங்கேயே திரும்பிவிடுவார்கள். அந்த கிளிக்குகளுக்குத் தனி ஐடி வைத்துத் தனியாகக் கணக்குப் பாருங்கள். இல்லையென்றால் நல்ல கடையும் மோசமாகத் தெரியும்.

இன்னொன்று: ஸ்டாக் தீர்ந்தால் என்ன செய்வது என்று கேட்டவர்களுக்கு: தேடல் பக்கத்துக்கு அனுப்பாதீர்கள், அங்கே வேறு பிராண்டுகள் வரிசை கட்டி நிற்கும். இரண்டாவது கடையின் பட்டனை மேலே ஏற்றிவிட்டு, திங்கட்கிழமைதோறும் முதல் கடையை ஒரு முறை திறந்து பாருங்கள்.