படப் புத்தகத்தைப் பின்னாலிருந்து பிரியுங்கள்

ஓவியம், உடை, நாற்காலி, கட்டடம் என்று ஏதோ ஒன்றின் வரலாற்றைப் படங்களோடு சொல்லும் தடித்த புத்தகம் கையில் கிடைத்தால் எல்லோரும் நடுவில் பிரிப்பார்கள். நான் கடைசிப் பக்கத்தைப் பிரிப்பேன். இருபத்தாறு வருடம் அச்சகத்தில் கலர் கரெக்‌ஷன், அதாவது படங்களின் நிறத்தைச் சரிசெய்யும் வேலை, பார்த்தவன். ஒரு படம் பக்கத்தில் வந்து உட்காருவதற்குள் அதற்கு என்னென்ன நேர்கிறது என்பதை அருகில் இருந்து பார்த்தாயிற்று. அதனால் படத்தைச் சட்டென்று நம்பும் பழக்கம் போய்விட்டது. நான் பார்க்கும் முறையைச் சொல்கிறேன், உங்களுக்குப் பயன்படுகிறதா பாருங்கள்.

கடைசியில் பொடி எழுத்தில் படங்கள் எங்கிருந்து வந்தன என்ற பட்டியல் இருக்கும். எந்த அருங்காட்சியகம், யார் எடுத்த புகைப்படம் என்று படம் படமாகச் சொல்லியிருந்தால் அந்தப் புத்தகம் வேலை செய்து போட்டது. மொத்தமாக ஒரே வரியில் நன்றி சொல்லி முடித்திருந்தால் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பேன். இது சின்ன விஷயமில்லை. ஜெர்மனியின் பௌஹவுஸ் வடிவமைப்புப் பள்ளியின் கட்டடங்களையும் பொருட்களையும் நாம் இன்று மனதில் வைத்திருக்கும் தோற்றத்தில் பெரும்பகுதி லூசியா மொஹோய் எடுத்த புகைப்படங்கள். 1933-இல் ஜெர்மனியை விட்டு வெளியேறியபோது அவர் தன் கண்ணாடி நெகடிவ்களை அங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டியதாயிற்று. அதன்பின் பல வருடம் அந்தப் படங்கள் அவர் பெயரில்லாமலே புத்தகம் புத்தகமாக வந்தன.

பட்டியல் இருக்கிறதா? சரி, இப்போது படங்களுக்குப் போகலாம். ஆனால் படத்தைப் பார்ப்பதற்கு முன் அதன் அடியில் இருக்கும் வரியைப் படியுங்கள். அதிலும் அளவை. கலை வரலாற்றுப் புத்தகம் சொல்லும் மிகப் பெரிய பொய் அளவில்தான் இருக்கிறது. டாலியின் உருகி வழியும் கடிகாரங்கள் இருக்கும் ஓவியம் 24 செ.மீ. உயரம், 33 செ.மீ. அகலம், கணினி அச்சுத் தாளைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். பிக்காசோவின் ‘குவெர்னிகா’ ஏறக்குறைய மூன்றரை மீட்டர் உயரம், ஏழே முக்கால் மீட்டர் அகலம். புத்தகத்தில் இரண்டுக்கும் ஆளுக்கொரு பக்கம். இரண்டும் ஒரே அளவு என்று நம் தலையில் பதிந்துவிடும்.

இதற்கு நான் ஒரு அளவு டேப் வைத்திருக்கிறேன். பிடித்த ஓவியம் வந்தால் அடிக்குறிப்பில் உள்ள அளவைச் சுவரில் அளந்து நான்கு மூலையிலும் காகித நாடா ஒட்டிவிடுவேன். மோனா லிசாவுக்கு 77-க்கு 53 செ.மீ. ஒட்டிப் பாருங்கள், பக்கத்தில் இருக்கும் படமே வேறு மாதிரித் தெரியும். அளவே கொடுக்காத புத்தகத்தை நான் திருப்பி வைத்துவிடுவேன்.

அடுத்து, புத்தகம் அச்சான வருடம். சிஸ்டைன் தேவாலயக் கூரையில் மைக்கலாஞ்சலோ வரைந்ததைச் சுத்தம் செய்யும் வேலை 1980-இல் தொடங்கியது. பலிபீடச் சுவரில் உள்ள ஓவியமும் சேர்ந்து 1994-இல்தான் முடிந்தது. அதற்கு முந்தைய புத்தகங்களில் உள்ளது நூற்றாண்டுக் கணக்கான மெழுகுவத்திப் புகையும் பழைய பசையும் சேர்ந்த கருமை. பிந்தையவற்றில் பச்சையும் ஆரஞ்சும் கண்ணைப் பறிக்கும். இரண்டும் பொய்யில்லை, இரண்டு காலத்துக் கூரைகள். பழைய புத்தகத்தைக் கழித்துவிடாதீர்கள், புதியதன் பக்கத்திலேயே வையுங்கள்.

நிறத்தைப் பொறுத்தவரை எந்தப் புத்தகத்தையும் முழுதாக நம்ப வேண்டாம். அச்சில் பயன்படும் நான்கு மைகளில் எல்லா நிறமும் வராது. ஆழ்ந்த நீலமும் பளிச்சென்ற ஆரஞ்சும் எப்போதும் எங்களை அழ வைத்தவை. ஒரே ஓவியத்தை இரண்டு மூன்று புத்தகங்களில் ஒப்பிட்டால் உண்மை நிறம் எங்கோ நடுவில் இருக்கிறது என்று புரியும். ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் பேரலை மாதிரியான மரக்கட்டை அச்சுகளில் இன்னொரு சிக்கல்: ஒரு மூலப்படி என்று எதுவுமே கிடையாது. ஆயிரக்கணக்கில் அச்சடித்தார்கள், கட்டை தேயத் தேயக் கோடுகள் உடைந்தன. எந்த அருங்காட்சியகத்துப் படி என்று அடிக்குறிப்பு சொல்ல வேண்டும்.

இப்போது என் சொந்தக் கதை. ஃபிலிம் காலத்தில் இமல்ஷன் (படம் பதியும் பூச்சு) பக்கம் மேலா கீழா என்று கவனிக்காமல் வைத்தால் படம் இடவலம் மாறிவிடும். ஒரு முறை ஜப்பானிய உடை பற்றிய புத்தகத்தில் ஒரு கிமோனோ படத்தை நான் அப்படித் திருப்பி வைத்துவிட்டேன். ப்ரூஃபில் யாருக்கும் தெரியவில்லை, எல்லாம் அச்சாகி பைண்டிங்குக்கும் போய்விட்டது. கிமோனோவில் உடுத்துபவரின் இடப்பக்கம்தான் மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வந்தால் அது இறந்தவருக்கு உடுத்தும் முறை. நான் ஒரு இளம்பெண்ணைப் பிணமாக்கியிருந்தேன்! அன்றிலிருந்து எந்தப் படத்திலும் முதலில் தேடுவது எழுத்து, கையொப்பம், வாள் எந்தக் கையில், பொத்தான் எந்தப் பக்கம் என்பதைத்தான். நீங்களும் தேடுங்கள். மாட்டும்.

உடை வரலாற்றுப் புத்தகம் என்றால் இன்னும் நிதானம் வேண்டும். அதில் மூன்று வகைப் படங்கள் கலந்து வரும், மூன்றும் மூன்று விதமாக ஏமாற்றும். ஓவியத்தில் இருப்பவர் அன்றாடம் அதைத்தான் உடுத்தினார் என்பதில்லை. ஆங்கில ஓவியர் கெய்ன்ஸ்பரோவின் நீல உடைச் சிறுவன் 1770-இல் காட்சிக்கு வந்த ஓவியம். அவன் மேல் இருப்பதோ நூறு வருடத்துக்கும் மேற்பட்ட பழைய பாணி, வேடம் கட்டியது மாதிரி. அதை 1770-இன் உடை என்று போட்டிருந்தால் புத்தகத்தை மூடிவிடலாம். இரண்டாவது, ஃபேஷன் பத்திரிகைப் படங்கள். 1912 முதல் 1925 வரை பாரிஸில் வந்த ‘கஸெட் த்யூ பொன் தோன்’ தாள்கள் ஸ்டென்சில் வெட்டி, அந்தத் துளை வழியே கையால் நிறம் பூசியவை. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அவை உடுத்த ஆசைப்பட்டதைக் காட்டுகின்றன, உடுத்தியதை அல்ல. மூன்றாவது, அருங்காட்சியகத்தில் மிஞ்சிய உண்மையான துணி. இதுதான் நம்பகமானது என்று தோன்றும். ஆனால் மிஞ்சியது எது? தினம் உடுத்திக் கிழிந்தது மிஞ்சவில்லை, ஏழைகளின் துணி வெட்டப்பட்டு வேறு ஏதோ ஆகிப் போனது. விசேஷத்துக்கு ஒரு நாள் உடுத்திப் பெட்டியில் வைத்ததே பெரும்பாலும் நம் கைக்கு வந்திருக்கிறது.

ஆகவே நல்ல உடைப் புத்தகத்துக்கு என் சோதனை எளிது: முதுகுப்புறம் காட்டுகிறதா? உள்பக்கத் தையல், கொக்கி, அஸ்தர் (உள்துணி) ஏதாவது தெரிகிறதா? முன்பக்கம் மட்டும் என்றால் அது படக்காட்சி.

நாற்காலிக்கும் இதே கேள்விதான். தோனெட் என்ற மரச்சாமான் தயாரிப்பாளரின் 14-ஆம் எண் நாற்காலி 1859-இல் வந்தது. வளைத்த மரம், அழகு, எல்லாம் சரி. ஆனால் அதன் விசேஷம் நிற்கும் நாற்காலியில் இல்லை, கழற்றிப் போட்டதில் இருக்கிறது. ஆறே மரத்துண்டு, பத்து திருகு. பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்கும். உலகம் பூராவும் போனது அப்படித்தான். அந்தப் பெட்டியைக் காட்டும் புத்தகத்தை வாங்குங்கள்.

கட்டடங்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ 1929-இல் கட்டிய பார்சிலோனா அரங்கம் அடுத்த வருடமே பிரிக்கப்பட்டது. அதே இடத்தில் திரும்பக் கட்டி முடித்தது 1986-இல். ஐம்பது வருடத்துக்கு மேல் உலகம் அதைக் கறுப்பு வெள்ளைப் படங்களில்தான் பார்த்தது, உள்ளே பச்சைப் பளிங்கும் தேன் நிற ஓனிக்ஸ் கல்லும் இருந்தபோதும். உங்கள் புத்தகத்தில் வண்ணப் படமாக இருந்தால் அது இரண்டாவது கட்டடம்.

ஒரு பத்து மடங்கு உருப்பெருக்கிக் கண்ணாடியும் வைத்துக்கொள்ளுங்கள். படத்தின் மேல் வைத்தால் மைப் புள்ளிகள் சீரான பூவாகத் தெரிய வேண்டும். பட்டுத்துணி நெளிவது மாதிரி அலை ஓடினால் அது பெரும்பாலும் இன்னொரு புத்தகத்திலிருந்து எடுத்து மறுபடி அச்சிட்டது.

கடைசியாக, இந்தப் புத்தகங்கள் பெரும்பாலும் வழவழப்பான ஆர்ட் பேப்பரில் அச்சாகின்றன. நனைந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டையாகிவிடும், காய்ந்தபின் ஒன்றும் செய்ய முடியாது. ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் நடுவில் உறிஞ்சும் தாள் வைத்து, அது ஊறியதும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குறிப்பு எழுத ஒட்டுத்தாள் வேண்டாம். உரிக்கும்போது மேல் பூச்சும் சேர்ந்து வரும். சாதாரணத் துண்டுச் சீட்டில் பென்சிலால் எழுதி உள்ளே செருகுங்கள். என்னிடம் அந்தக் கிமோனோ புத்தகத்தின் ஒரு படி இன்னும் இருக்கிறது, அந்தப் பக்கத்திலும் ஒரு சீட்டு இருக்கிறது.