பாதுகாப்பின் பெயரால் குழந்தைகளை வெளியேற்றும் நகரங்கள்: பொதுவெளி அமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நகரத்துப் பொதுவெளிகளில் குழந்தைகளின் பாதுகாப்பைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், பூங்காவைச் சுற்றி உயரமான வேலி, வாயிலில் ஒரு கேமரா, செய்யக் கூடாதவற்றைப் பட்டியலிடும் ஓர் அறிவிப்புப் பலகை என்ற அளவிலேயே முடிவுகள் நின்றுவிடுகின்றன. இவற்றால் விபத்துகள் குறையக்கூடும். ஆனால் குழந்தைகள் அந்த இடத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டாலும் விபத்துகள் குறையத்தான் செய்யும். எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

மேயர் ஹில்மன் என்னும் பெயருடைய ஆய்வாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் இங்கிலாந்தில் நடத்திய ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. 1971-இல் அங்கே 7, 8 வயதுக் குழந்தைகளில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் பெரியவர் துணையின்றிப் பள்ளிக்குச் சென்றுவந்தனர். 1990-இல் அது 9 விழுக்காடாகச் சுருங்கிவிட்டது. அதே காலகட்டத்தில் சாலை விபத்துகளில் இறந்த குழந்தைகளின் எண்ணிக்கையும் குறைந்திருந்தது. சாலைகள் பாதுகாப்பாகிவிட்டன என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. பெருகிவிட்ட வாகனங்களுக்கு அஞ்சிய பெற்றோர் குழந்தைகளைச் சாலையிலிருந்து விலக்கிக்கொண்டனர் என்பதே அவர்கள் தந்த விளக்கம். ஆபத்தை அகற்ற வேண்டிய இடத்தில் குழந்தையை அகற்றிவிடும் இந்தப் போக்கே, இங்கே பேசப்போகும் தவறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர்.

பூங்காவைப் பார்த்து, சாலையை மறப்பது

தவறுகளில் பெரியது இதுதான். குழந்தைகளுக்கான இடம் என்றதும் பூங்காவை மட்டுமே நினைத்து, அந்தப் பூங்காவுக்குக் குழந்தை எந்த வழியாக வந்து சேரும் என்பதைத் திட்டத்தில் சேர்க்காமலே விட்டுவிடுகிறார்கள். 5 முதல் 29 வயது வரையுள்ளவர்களின் மரணத்துக்கு முதன்மைக் காரணமாக உலகச் சுகாதார நிறுவனம் குறிப்பிடுவது சாலை விபத்துக் காயங்களையே. அப்படியிருக்க, நான்கு வழிச் சாலைக்கு அப்பால் எவ்வளவு அழகான திடலை அமைத்தாலும், அது பெரியவர் ஒருவர் கையைப் பிடித்து அழைத்துவரும் நாளில் மட்டுமே குழந்தைக்குக் கிடைக்கும்.

சாலையைக் கடக்கும் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டால் போதும் என்று வாதிடுவோர் உண்டு. கற்றுக்கொடுப்பது நல்லதே, ஆனால் அதன் எல்லை சிறியது. மூன்று வயதுக் குழந்தையின் உயரம் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். நின்றுகொண்டிருக்கும் ஒரு காருக்குப் பின்னால் அந்தக் குழந்தை முழுவதுமாக மறைந்துவிடும், அதற்கும் சாலை தெரியாது. சற்று வளர்ந்த பிறகும், நெருங்கிவரும் வாகனத்தின் வேகத்தையும் தொலைவையும் சேர்த்துக் கணிக்கும் திறன் தொடக்கப்பள்ளி வயதில் முழுமையாக அமைவதில்லை. ஆகவே பிழை செய்யக்கூடியவர் குழந்தை என்பதை ஏற்றுக்கொண்டு, அந்தப் பிழை உயிரைப் பறிக்காத அளவுக்கு வாகன வேகத்தைக் கட்டுப்படுத்துவதே சரியான வரிசை. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனத்தின் இயக்க ஆற்றல், 30 கிலோமீட்டரில் செல்லும் அதே வாகனத்தைப் போல ஏறத்தாழ 2.8 மடங்கு, வேகத்தில் உள்ள வேறுபாடு சிறியதாகத் தோன்றினாலும், மோதலின் விளைவில் அது சிறியதன்று.

நெதர்லாந்தில் 1971-ஆம் ஆண்டில் மட்டும் 400-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சாலை விபத்துகளில் இறந்தனர். அதையடுத்துப் பெற்றோரும் பொதுமக்களும் தெருவில் இறங்கிப் போராடினார்கள். ‘குழந்தைகளைக் கொல்வதை நிறுத்துங்கள்’ என்பதே அந்த இயக்கத்தின் பெயர். டெல்ஃப்ட் நகரில் முளைத்த ஒரு தெரு வடிவம், வாகனங்கள் நடைவேகத்தில் மட்டுமே நுழையலாம், தெரு முழுவதும் நடப்பவர்க்கும் விளையாடுவோர்க்கும் உரியது என்ற விதியோடு, 1976-இல் அந்நாட்டில் சட்ட ஏற்புப் பெற்றது. ஸ்பெயினின் பொந்தெவேத்ரா நகரம் 1999 முதல் தன் மையப்பகுதியில் வாகனங்களைப் பெருமளவு விலக்கியது. இவ்விரண்டு இடங்களிலும் மாற்றிக்கொள்ளும் பொறுப்பு குழந்தைகள்மேல் சுமத்தப்படவில்லை.

இதற்கு நேர்மாறான தீர்வு நடைமேம்பாலம். பாதசாரிகளின் பாதுகாப்புக்காகக் கட்டப்படுவதாகச் சொன்னாலும், வாகனங்கள் வேகத்தைக் குறைக்காமல் செல்வதற்காகவே பெரும்பாலும் அது கட்டப்படுகிறது. குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும் தாயும், சக்கர நாற்காலியில் வரும் சிறுவனும் அதன் படிகளைப் பார்த்துத் திரும்பிவிடுவார்கள். ஓடியாடும் பிள்ளைகளோ படியேறச் சலித்துக்கொண்டு கீழேயே கடப்பார்கள். அதைவிடச் செலவு குறைந்தது, சந்திப்பின் முனைகளில் வாகனம் நிறுத்தத் தடை விதித்து, நடைபாதையைச் சற்று வெளியே நீட்டி, கடக்கும் தூரத்தையும் குறைத்துப் பார்வையையும் திறந்துவிடுவது.

கண்காணிப்பைக் கருவியிடம் விட்டுவிடுவது

அந்நியரைப் பற்றிய அச்சம் பெற்றோரின் மனத்தில் ஆழமாக வேரூன்றியிருப்பது இயல்பே. ஆயினும் குழந்தைகள்மீதான பாலியல் கொடுமைகளில் பெரும்பாலானவற்றைச் செய்வோர் குழந்தைக்கு ஏற்கெனவே அறிமுகமானவர்கள். இந்த உண்மையை மறைத்துவிட்டு அந்நியரை மட்டும் எதிரியாகக் காட்டும் எச்சரிக்கைகள், தெருவில் வழி தவறிய குழந்தை ஒரு பெரியவரிடம் உதவி கேட்கவே தயங்கும் நிலையை உண்டாக்குகின்றன.

பொது இடத்தில் நிகழக்கூடிய தொல்லையைத் தடுப்பதில் கேமராவின் பங்கு குறைவு. நடந்ததைப் பின்னர் காட்ட அதனால் முடியும்; நடக்கும்போது எழுந்து வந்து கேட்க முடியாது. அதைச் செய்யக்கூடியவர்கள் திறந்திருக்கும் கடையில் அமர்ந்திருப்பவரும், மாடியிலிருந்து தெருவைப் பார்ப்பவரும், பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் முதியவர்களுமே. உயரமான சுற்றுச்சுவர் எழுப்பும்போது இந்தப் பார்வைகள் அனைத்தும் அடைபட்டுப்போகின்றன என்பதை எவரும் கணக்கில் எடுப்பதில்லை. வாகன நெரிசலுக்கும் இதில் பங்குண்டு. 1960-களின் இறுதியில் சான்பிரான்சிஸ்கோ நகரின் தெருக்களை ஆராய்ந்த டொனால்ட் ஆப்பிள்யார்ட், போக்குவரத்து குறைந்த தெருவில் வசிப்போருக்கு அதே தெருவில் இருந்த நண்பர்களின் எண்ணிக்கை, நெரிசலான தெருவில் வசிப்போருக்கு இருந்ததைப் போல மூன்று மடங்கு என்று கண்டார். அறிமுகமானவர்களே இல்லாத தெருவில், அழும் குழந்தை யாருடையது என்று கேட்கவும் ஆள் இருக்காது.

வேலியே இல்லாமல் விளையாட்டுத் திடல்கள் அமைய முடியுமா என்று கேட்போர் ஆம்ஸ்டர்டாமைப் பார்க்கலாம். கட்டடக் கலைஞர் ஆல்டோ வான் ஐக் 1947 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் அங்கே 700-க்கும் மேற்பட்ட திடல்களை வடிவமைத்தார். அவற்றில் பல, இரு வீடுகளுக்கு இடையே வெறுமையாகக் கிடந்த மனைகள். ஒரு மணற்குழி, வளைந்த சில இரும்புக் கம்பிகள், தாவிச் செல்லச் சில கற்கள், பெரியவர்கள் உட்கார ஓர் இருக்கை: அவ்வளவுதான். திடல் தெருவின் பகுதியாகவே இருந்தது. தெருவில் போவோர் வருவோர் அனைவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தனர். சாலை விரைவானதாக இருந்தால் அந்தப் பக்கம் தாழ்வான தடுப்பு ஒன்று தேவை என்பதை நான் மறுக்கவில்லை. தடுப்பு வேறு, மறைப்பு வேறு.

கீறலே படக்கூடாது என்பது

குழந்தை தன் கண்ணால் பார்த்து, எடைபோட்டு, முயல்வதா விடுவதா என்று தானே முடிவுசெய்யக்கூடிய சவால் ஒருவகை. குழந்தையால் கண்டறியவே முடியாத ஆபத்து இன்னொரு வகை. ஏறுவதற்கான உயரம் முதல் வகை. துருப்பிடித்துத் தளர்ந்த ஆணி, தலை சிக்கிக்கொள்ளும் அளவிலான கம்பி இடைவெளி, ஊஞ்சலுக்கு அடியில் இருக்கும் கான்கிரீட் தளம் ஆகியவை இரண்டாம் வகை. பல நகரங்கள் முதல் வகையை முழுவதும் ஒழித்துவிட்டு இரண்டாவதை அப்படியே விட்டுவைக்கின்றன. சவால் இல்லாத திடலில் எட்டு வயதுப் பிள்ளை சில நிமிடங்களில் சலிப்படைந்து, சறுக்குமரத்தின் கூரைமேல் ஏறப் பார்ப்பான். அது அவன் குற்றமன்று. கோபன்ஹேகனின் எம்ட்ரப் பகுதியில் 1943-இல், போர்க்காலத்திலேயே, பழைய பலகைகளையும் கருவிகளையும் கொடுத்துப் பிள்ளைகளைத் தாமே கட்டி விளையாடவிட்ட திடல் திறக்கப்பட்டது. ஒரு பொறுப்பாளர் உடனிருந்தார். அந்த முறை பின்னர் பல நாடுகளுக்குப் பரவியது.

பெற்றோர் அக்கறையினாலேயே உண்டாக்கும் காயம் ஒன்றும் உண்டு. சிறு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சறுக்குமரத்தில் இறங்கும்போது, குழந்தையின் கால் ஓரத்தில் சிக்கிக்கொள்ள, பெரியவரின் எடை இருவரையும் கீழே இழுத்துச் செல்வதால் கால் எலும்பு முறிகிறது. எலும்பு மருத்துவர்கள் நன்கறிந்த காயம் இது. குழந்தை தனியாகச் சறுக்கியிருந்தால் கால் சிக்கிய இடத்திலேயே நின்றிருக்கும்.

எல்லாக் குழந்தைகளையும் ஒரே கூட்டமாக எண்ணுவது

வியன்னா நகரம் 1990-களில் தன் பூங்காக்களை ஆராய்ந்தபோது, ஒன்பது, பத்து வயதைக் கடந்ததும் சிறுமிகள் அங்கே வருவது வெகுவாகக் குறைவதைக் கண்டது. சிறுவர்களோ தொடர்ந்து வந்துகொண்டிருந்தனர். இடம் எல்லோருக்கும் திறந்தேயிருந்தது. எவரும் எவரையும் தடுக்கவில்லை. ஆனால் வெட்டவெளியாகக் கிடந்த ஒரே பெரிய திடலை, அதிக எண்ணிக்கையில் வந்த பையன்களின் பந்தாட்டம் முழுவதுமாக எடுத்துக்கொண்டது. 1999-இல் இரண்டு பூங்காக்கள் மாற்றியமைக்கப்பட்டன: பெரிய வெளி சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது, கைப்பந்து, பூப்பந்து ஆடுவதற்கு இடம் ஒதுக்கப்பட்டது, பாதைகள் கூடுதலாக்கப்பட்டன. சிறுமிகள் திரும்பி வந்தனர். திறந்துவைத்துவிட்டாலே சமமாகிவிடும் என்ற எண்ணத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

பதின்வயதினரின் நிலை இன்னும் மோசம். அவர்கள் கூடி நின்றாலே தொல்லை என்று கருதி விரட்டுகிறோம். பிறகு அவர்கள் வெளியே வருவதில்லை, கைபேசியிலேயே கிடக்கிறார்கள் என்று வருந்துகிறோம். மாற்றுத்திறன் குழந்தைகளுக்காக ஒரு தனி ஊஞ்சலை நிறுவிவிட்டு, அதைச் சுற்றிலும் சக்கரம் புதையும் மணலைப் பரப்பி வைக்கும் வேடிக்கையும் நடக்கிறது.

வெயில், காற்று, கழிப்பறை

நிழலில்லாத திடலில் உலோகச் சறுக்குமரமும் ரப்பர் தரையும் செயற்கைப் புல்லும் தோலைச் சுடும் அளவுக்குச் சூடேறும். மென்மையானது என்று நம்பிப் போடப்பட்ட தரையே, கோடைகாலப் பகலில் குழந்தைகளை விரட்டும் காரணமாகிவிடுகிறது. உடல் எடையோடு ஒப்பிட்டால் பெரியவரைவிடக் குழந்தை அதிகக் காற்றைச் சுவாசிக்கிறது, அதுவும் வாகனப் புகைக்குழாயின் உயரத்துக்கு அருகிலேயே. எனவே நிலம் கிடைத்தது என்பதற்காக நெடுஞ்சாலையின் ஓரத்தில் திடல் அமைப்பது சரியன்று. குடிநீரும் கழிப்பறையும் இல்லாத பூங்காவில் குழந்தையோடு ஒரு மணி நேரம்கூட இருக்க முடியாது. திட்ட வரைபடங்களில் கடைசியாக வெட்டப்படுபவை இவையே.

வெளியில் செலவிடும் நேரம் வெறும் பொழுதுபோக்கு என்று நினைப்பதும் தவறு. சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் 40 நிமிட வெளிப்புற வகுப்பு கூடுதலாகச் சேர்க்கப்பட்டது. 2015-இல் வெளியான முடிவுகளின்படி, மூன்று ஆண்டுகளில் அவர்களிடையே புதிதாகக் கிட்டப்பார்வை ஏற்பட்டோர் ஏறத்தாழ 30 விழுக்காடு. வழக்கமான வகுப்பில் இருந்தோரிடையே அது ஏறத்தாழ 40 விழுக்காடு.

கேட்காமல் கட்டுவது, கட்டிவிட்டு மறப்பது

விளையாடும் உரிமையை 31-ஆம் பிரிவிலும், தம்மைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையை 12-ஆம் பிரிவிலும் ஐ.நா.வின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கை 1989-இலேயே வழங்கியது. நடைமுறையில், திட்டம் முடிவான பிறகு பிள்ளைகளை வரவழைத்து, சறுக்குமரத்துக்குச் சிவப்பா மஞ்சளா என்று கேட்பதோடு அந்த உரிமை தீர்ந்துவிடுகிறது. என்ன வேண்டும் என்று வெறுமனே கேட்டால், ஏற்கெனவே பார்த்த பொருளையே அவர்கள் சொல்வார்கள். அவர்களோடு பள்ளியிலிருந்து வீடு வரை நடந்து, எங்கே பயப்படுகிறார்கள், எங்கே நின்றுகொள்கிறார்கள், எந்தச் சந்துக்குள் நுழையாமல் சுற்றிப் போகிறார்கள் என்று கவனித்தால் வேறு விடைகள் கிடைக்கும்.

கட்டி முடித்த பிறகு வரும் தவறுக்குக் காரணம் பெரும்பாலும் நிதி ஒதுக்கும் முறை. திறப்புவிழாவுக்குப் பணம் உண்டு; ஐந்தாம் ஆண்டில் ஊஞ்சல் சங்கிலியை மாற்றப் பணம் இல்லை. விழுவோரைத் தாங்கும் மணலும் மரத்துகளும் நாளடைவில் கலைந்து, இறுகி, சரியாகக் குழந்தைகள் விழும் இடத்திலேயே, அதாவது ஊஞ்சலின் அடியிலும் சறுக்குமரத்தின் முடிவிலும், மெலிந்துபோகின்றன. அந்த ஆழத்தை அளந்து நிரப்புவதற்கும், ஆணிகளையும் இணைப்புகளையும் சோதிப்பதற்கும் குறிப்பிட்ட கால இடைவெளியும் பொறுப்பான ஆளும் ஒதுக்கிய தொகையும் திட்ட அறிக்கையிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். உடைந்ததைத் தெரிவிப்பதற்கான தொலைபேசி எண், கூடாதவற்றைப் பட்டியலிடும் அந்தப் பலகையில் இடம்பெறலாம். பட்டியலைச் சுருக்கினால் இடம் கிடைக்கும்.