அசெம்பிள் செய்த கணினியில் மேக்ஓஎஸ்: ஓபன்கோர் வழியே முதல்முறை நிறுவுபவர்களுக்கு

ஆப்பிள் விற்காத கணினியில் மேக்ஓஎஸ் ஓடுமா? ஓடும். 2006 ஜனவரியில் இன்டெல் பிராசசர் வைத்த மேக்குகள் கடைக்கு வந்ததிலிருந்தே ஆட்கள் சாதாரண பிசியில் அதை ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இப்படி ஓடும் கணினிக்கு ஹாக்கிண்டோஷ் என்று பெயர். அதில் மேக்ஓஎஸ்ஸைப் பூட் செய்யவைக்கும் மென்பொருள்தான் ஓபன்கோர். ஆப்பிளுக்கு ஆப் எழுத உதவும் எக்ஸ்கோடு கற்க நினைப்பவர்கள், லாஜிக் புரோவில் இசை செய்பவர்கள், சும்மா குடைந்து பார்க்க ஆசைப்படுபவர்கள் எனப் பலரும் இதில் இறங்குகிறார்கள்.

இறங்குவதற்கு முன் இரண்டு விஷயங்கள். ஆப்பிளின் உரிம ஒப்பந்தம் மேக்ஓஎஸ்ஸை ஆப்பிள் பெயர் பொறித்த கணினியில் மட்டுமே நிறுவலாம் என்கிறது. சைஸ்டார் என்ற அமெரிக்க நிறுவனம் 2008-ல் இப்படிப்பட்ட கணினிகளைச் செய்து விற்றது. ஆப்பிள் வழக்குப் போட்டு 2009-ல் வென்றது. எனவே விற்பனைக்கோ அலுவலகத்துக்கோ இதைச் செய்யாதீர்கள். வீட்டில் செய்து பார்ப்பதும் அந்த ஒப்பந்தத்துக்குப் புறம்பானதுதான் என்பதைத் தெரிந்துகொண்டே செய்யுங்கள்.

இரண்டாவது, இதற்கு ஆயுள் குறைவு. 2025-ல் வந்த மேக்ஓஎஸ் டாஹோதான் இன்டெல் மேக்குகளுக்கான கடைசிப் பதிப்பு. ஆகவே இதற்கென்று புதிதாகக் காசு போட்டுக் கணினி வாங்குவது வீண். வீட்டில் ஏற்கெனவே பொருத்தமான பிசி இருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

மெனுப் பெயர்களையும் ஃபைல் பெயர்களையும் இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். திரையில் அவை ஆங்கிலத்தில்தான் இருக்கும்.

பாகங்கள் ஒத்துவருமா?

ஹாக்கிண்டோஷில் தோற்பவர்களில் பெரும்பாலானோர் தோற்பது இந்த இடத்தில்தான். மென்பொருளில் எவ்வளவு தலைகீழாக நின்றாலும், ஆப்பிள் டிரைவர் எழுதாத கிராஃபிக்ஸ் கார்டில் படம் ஒழுங்காக வராது. விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, ஒரு தாளில் பிராசசர், மதர்போர்டு சிப்செட், கிராஃபிக்ஸ் கார்டு, லேன் சிப், ஆடியோ சிப், எஸ்எஸ்டி ஆகியவற்றின் முழுப்பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

பிராசசர் இன்டெல் 8, 9, 10-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் வகையாக இருந்தால் நல்லது. 12-ஆம் தலைமுறையும் அதற்குப் பிறகு வந்தவையும் ஓடும், ஆனால் பழைய பிராசசர்போல அடையாளம் மாற்றிக் காட்ட வேண்டும். ரைசனும் ஓடும், அதற்கு மேக்ஓஎஸ்ஸின் மையப்பகுதியான கர்னலில் பேட்ச்கள் (திருத்தங்கள்) தேவை. முதல் முயற்சிக்கு இரண்டும் வேண்டாம் என்பேன்.

கிராஃபிக்ஸ் கார்டுதான் முக்கியம். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் கார்டு எதுவும் எந்தப் பதிப்பிலும் ஓடாது. ஜிடிஎக்ஸ் 16 வரிசையும் அப்படியே. ஜிடிஎக்ஸ் 1050, 1060 போன்றவை 2017-ல் வந்த ஹை சியராவோடு நின்றுவிட்டன. ஏஎம்டியில் ஆர்எக்ஸ் 570, 580, 5500 எக்ஸ்டி, 5700, 6600, 6800 எல்லாம் நன்றாக ஓடும். நடுவில் ஆர்எக்ஸ் 6700 எக்ஸ்டி மட்டும் நேரடியாக ஓடாது என்பது பலரை ஏமாற்றுகிறது. "6600 ஓடுதே, 6800 ஓடுதே" என்று நம்பி வாங்கிவிடுவார்கள். 7000 வரிசை சுத்தமாகக் கிடையாது. தனிக் கார்டே இல்லாவிட்டாலும், 8 முதல் 10-ஆம் தலைமுறை பிராசசரில் உள்ள யுஎச்டி 630 போதும். பிராசசர் பெயரின் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருந்தால் அதில் உள்கிராஃபிக்ஸ் இருக்காது. செகண்ட் ஹேண்டில் ஆர்எக்ஸ் 580 வாங்குவதாக இருந்தால், அது கிரிப்டோ மைனிங்கில் ஓடியதா என்று கேளுங்கள். மைனிங்குக்காக உள் பயாஸ் மாற்றப்பட்ட கார்டு விண்டோஸில் சரியாக ஓடிவிட்டு மேக்கில் கறுப்புத் திரை காட்டலாம்.

எஸ்எஸ்டியில் சாம்சங் பிஎம்981 வகை கர்னல் பேனிக் தருவதில், அதாவது மேக்கைத் திடீரென்று முடக்குவதில் பேர்போனது. அது இருந்தால் மேக்குக்கென்று ஒரு சாதாரண சாட்டா எஸ்எஸ்டி வாங்கிக்கொள்ளுங்கள். எப்படியும் விண்டோஸும் மேக்கும் தனித்தனி டிஸ்க்கில் இருப்பதுதான் நிம்மதி.

இந்தப் பதிவுக்கு ஓர் உதாரணக் கணினியை வைத்துக்கொள்வோம்: ஐ5-9400, பி360 மதர்போர்டு, ஆர்எக்ஸ் 580, 16 ஜிபி ரேம். நிறுவப்போவது மேக்ஓஎஸ் சோனோமா பதிப்பு. இன்டெல் வைஃபை கார்டுக்கு ஏர்போர்ட்ஐடிஎல்டபிள்யூஎம் என்ற டிரைவர் சோனோமாவரை கிடைப்பதால், புதியவர்களுக்கு அடுத்த பதிப்பான செகோயாவைவிட அதுவே வசதி.

பயாஸ் அமைப்பு

மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் ஃபாஸ்ட் பூட், செக்யூர் பூட், சிஎஸ்எம், இன்டெல் எஸ்ஜிஎக்ஸ், சிஎஃப்ஜி லாக் ஆகியவற்றை அணையுங்கள். அபவ் 4ஜி டிகோடிங், எக்ஸ்எச்சிஐ ஹேண்ட்ஆஃப் இரண்டையும் இயக்குங்கள். சாட்டா முறை ஏஎச்சிஐ ஆக இருக்கட்டும். டிவிஎம்டி அளவு 64 எம்பி. பல மதர்போர்டுகளில் சிஎஃப்ஜி லாக் என்ற வரியே கண்ணில் படாது. பதற வேண்டாம், அதைச் சமாளிக்க ஓபன்கோரின் கான்ஃபிக் ஃபைலில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. விண்டோஸ் டிஸ்க்கில் பிட்லாக்கர் போட்டிருந்தால், செக்யூர் பூட்டை அணைக்கும் முன் அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள்.

பென் டிரைவ் தயாரிப்பு

16 ஜிபி பென் டிரைவ் ஒன்றை ரூஃபஸ் மூலம் "நான் பூட்டபிள்", ஜிபிடி, ஃபேட்32 என்று ஃபார்மட் செய்யுங்கள். கணினியில் பைதான் நிறுவியிருக்க வேண்டும்.

கிட்ஹப்பில் அசிடாந்தெரா குழுவின் பக்கத்திலிருந்து ஓபன்கோரின் டீபக் (பிழை கண்டறிய உதவும்) பதிப்பை இறக்குங்கள். ஸிப்பைப் பிரித்தால் யுட்டிலிட்டீஸ் ஃபோல்டருக்குள் மேக்ரெகவரி என்ற ஃபோல்டர் இருக்கும். அதிலுள்ள ரெகவரி யுஆர்எல்ஸ் என்ற டெக்ஸ்ட் ஃபைலில் ஒவ்வொரு மேக் பதிப்புக்கும் ஒரு கட்டளை எழுதியிருக்கும். சோனோமாவுக்கான வரியை அப்படியே காப்பி செய்து, அதே ஃபோல்டரில் கமாண்ட் விண்டோ திறந்து ஒட்டுங்கள். சில நூறு எம்பி அளவில் ஆப்பிளின் சர்வரிலிருந்தே மீட்புப் படிமம் இறங்கும். எங்கோ ஒருவர் பதிவேற்றிய "ரெடிமேட்" படிமங்களை நாட வேண்டிய தேவையே இல்லை. இறங்கிய இரண்டு ஃபைல்களையும் காம்.ஆப்பிள்.ரெகவரி.பூட் என்ற பெயருள்ள ஃபோல்டரில் வைத்து, அதைப் பென் டிரைவின் மேல்மட்டத்தில் போடுங்கள்.

ஓபன்கோர் ஸிப்பில் எக்ஸ்64 ஃபோல்டருக்குள் உள்ள இஎஃப்ஐ ஃபோல்டரையும் அதற்குப் பக்கத்தில் வையுங்கள். அதன் டிரைவர்ஸ் ஃபோல்டரில் ஓபன்ரன்டைம், ரீசெட்என்விரேம்என்ட்ரி இரண்டையும் விட்டுவிட்டு மற்றதை அழியுங்கள். எச்எஃப்எஸ்பிளஸ் என்ற டிரைவரைத் தனியாக இறக்கிச் சேர்க்க வேண்டும். அது இல்லாமல் மீட்புப் படிமம் மெனுவில் தெரியவே தெரியாது.

கெக்ஸ்ட்கள் என்பவை மேக்கின் டிரைவர்கள். நம் உதாரணத்துக்கு லிலு, வெர்ச்சுவல்எஸ்எம்சி, வாட்எவர்கிரீன், ஆப்பிள்ஏஎல்சி போதும். லேன் சிப் இன்டெல் என்றால் இன்டெல்மௌசி, ரியல்டெக் என்றால் ரியல்டெக்ஆர்டிஎல்8111. ஏசிபிஐ ஃபோல்டருக்கு எஸ்எஸ்டிடிடைம் என்ற கருவியை விண்டோஸில் ஓட்டினால் உங்கள் மதர்போர்டையே படித்து ஃபைல்களைத் தரும். பி360-க்குத் தேவை நான்கு: பிளக், இசி-யுஎஸ்பிஎக்ஸ், ஏவாக், பிஎம்சி.

அடுத்தவரின் முழு இஎஃப்ஐ ஃபோல்டரை இறக்கி ஒட்டும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அதே மதர்போர்டு என்றாலும் வேண்டாம். அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, பிரச்சினை வந்தால் எங்கே தொடுவது என்றும் தெரியாது. போதாக்குறைக்கு அவருடைய சீரியல் எண்ணும் சேர்ந்து வரும்.

கான்ஃபிக் ஃபைல்

டாக்ஸ் ஃபோல்டரில் உள்ள சாம்பிள் பிலிஸ்ட்டை இஎஃப்ஐக்குள் இருக்கும் ஓசி ஃபோல்டரில் ஒட்டி, கான்ஃபிக் பிலிஸ்ட் என்று பெயர் மாற்றுங்கள். இதைத் திறக்க புராப்பர்ட்ரீ என்ற கருவி மட்டும் போதும். கண்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் அழுத்தி ஓசி ஃபோல்டரைக் காட்டினால், நீங்கள் போட்ட கெக்ஸ்ட், டிரைவர், ஏசிபிஐ ஃபைல்களை அதுவே சரியான வரிசையில் பட்டியலில் ஏற்றிவிடும்.

பிறகு ஓபன்கோருக்கான டோர்டானியா இணைய வழிகாட்டியில் காஃபி லேக் (8, 9-ஆம் தலைமுறை) டெஸ்க்டாப் பக்கத்தைத் திறந்துவைத்து, வரிவரியாக ஒப்பிடுங்கள். இங்கே அவசரம் கூடாது. மாற்ற வேண்டியவற்றில் சறுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

பூட்டர் பகுதியின் குவிர்க்ஸ் பட்டியலில் டிவெர்ச்சுவலைஸ்எம்எம்ஐஓ, ரீபில்ட்ஆப்பிள்மெமரிமேப், சிங்க்ரன்டைம்பெர்மிஷன்ஸ் மூன்றும் ட்ரூ, எனேபிள்ரைட்அன்புரொடெக்டர் ஃபால்ஸ். கர்னல் குவிர்க்ஸில் டிசேபிள்ஐஓமேப்பர் ட்ரூ. பயாஸில் சிஎஃப்ஜி லாக் கிடைக்காதவர்கள் ஆப்பிள்எக்ஸ்சிபிஎம்சிஎஃப்ஜிலாக்கையும் ட்ரூ ஆக்குங்கள்.

டிவைஸ் புராப்பர்ட்டீஸில் உள்கிராஃபிக்ஸுக்கான பிளாட்ஃபார்ம் ஐடி வரும். மானிட்டர் மதர்போர்டில் செருகியிருந்தால் ஒரு மதிப்பு, ஆர்எக்ஸ் 580-இல் செருகியிருந்தால் வேறொன்று. வழிகாட்டியின் அட்டவணையிலிருந்து காப்பி செய்யுங்கள், கையால் தட்டாதீர்கள். அந்த எண் ஜோடி ஜோடியாகத் திருப்பி எழுதப்பட்டது. ஒரு ஜோடி இடம் மாறினாலும் படம் வராது.

மிஸ்க் பகுதியில் செக்யூரிட்டிக்குள் வால்ட் என்பது ஆப்ஷனல், ஸ்கேன்பாலிசி 0, செக்யூர்பூட்மாடல் இப்போதைக்கு டிசேபிள்ட். எழுத்துப் பெரிதா சிறிதா என்பதுவரை கவனியுங்கள். என்விரேம் பகுதியில் பூட்-ஆர்க்ஸ் (பூட் ஆகும்போது தரும் சுவிட்சுகள்) வரியில் வெர்போஸுக்கான கழித்தல் குறியும் வி எழுத்தும் அவசியம், அப்போதுதான் ஆப்பிள் லோகோவுக்குப் பதில் எழுத்துகள் ஓடும். அதே பகுதியில் பிரெவ்-லாங் என்ற மதிப்பை மாற்றாமல் விட்டால் நிறுவி ரஷ்ய மொழியில் வந்து நிற்கும்! சாம்பிள் ஃபைலில் இருப்பது அதுதான்.

நம் கணினி எந்த மேக்காகக் காட்டிக்கொள்ளும் என்பதைச் சொல்லும் பிளாட்ஃபார்ம்இன்ஃபோ பகுதிக்கு, ஜென்எஸ்எம்பயாஸ் கருவியில் ஐமேக்19,1 என்ற மேக் மாடலைக் கொடுத்துச் சீரியல் உருவாக்குங்கள். அந்தச் சீரியலை ஆப்பிளின் வாரண்டி சரிபார்ப்புப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். அப்படி ஒரு கணினி இல்லை என்று வந்தால்தான் நமக்கு நல்லது. யாரோ வாங்கிய மேக்கின் விவரம் வந்தால், உடனே வேறு சீரியல் எடுங்கள்.

சேமித்தபின் ஓசிவேலிடேட் என்ற கருவியின் மேல் ஃபைலை இழுத்துப் போடுங்கள். பிழை எதுவும் இல்லை என்று சொல்லும்வரை பூட் பக்கம் போகாதீர்கள்.

முதல் பூட்: திரை என்ன சொல்கிறது?

பென் டிரைவிலிருந்து பூட் செய்தால் ஓபன்கோர் மெனு வரும். முதலில் ரீசெட் என்விரேம், திரும்ப வந்து மேக்ஓஎஸ் பேஸ் சிஸ்டம். எழுத்துகள் மளமளவென்று ஓடத் தொடங்கும்.

நின்றால் கடைசி வரியைப் போனில் படம் எடுங்கள். எக்சிட்பிஎஸ் ஸ்டார்ட் என்று முடிந்திருந்தால் கர்னலுக்குக் கட்டுப்பாடு கைமாறும் இடத்தில் சிக்கியிருக்கிறது. பூட்டர் குவிர்க்ஸையும் சிஎஃப்ஜி லாக்கையும் மறுபடி பாருங்கள். பிசிஐ கான்ஃபிகரேஷன் பற்றிய வரியில் நின்றால் அபவ் 4ஜி டிகோடிங் அணைந்திருக்கிறது. வட்டத்துக்குள் குறுக்குக்கோடு போட்ட தடைக்குறியும் "வெயிட்டிங் ஃபார் ரூட் டிவைஸ்" என்ற வரியும் வந்தால், மேக் பாதி வழியில் பென் டிரைவைத் தொலைத்துவிட்டது. யுஎஸ்பி 2.0 துளைக்கு மாற்றிப் பாருங்கள், பலருக்கு அதிலேயே தீரும். எழுத்தெல்லாம் ஓடி முடிந்து திரை கறுத்தால் கிராஃபிக்ஸ் பிரச்சினை. கேபிள் கார்டில்தான் செருகியிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். ஆர்எக்ஸ் 5000, 6000 வரிசைக்காரர்கள் பூட்-ஆர்க்ஸில் பிக்கேரா என்று முடியும் சுவிட்சைச் சேர்க்க வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். ஐந்தை மாற்றிப் பூட் ஆனால், எது சரிசெய்தது என்று கடைசிவரை தெரியாது.

நிறுவுதல்

இது சுலபம். டிஸ்க் யுட்டிலிட்டியில் வியூ மெனுவில் "ஷோ ஆல் டிவைசஸ்" தேர்ந்து, மேக்குக்கான டிஸ்க்கின் மேல்வரியைத் தேர்வுசெய்து ஏபிஎஃப்எஸ், ஜியூஐடி என்று அழியுங்கள். டிஸ்க்கின் பெயரை ஒருமுறைக்கு இருமுறை படித்துவிட்டு அழுத்துங்கள், விண்டோஸ் டிஸ்க்கை அழித்தால் திரும்ப வராது. பிறகு நிறுவலைத் தொடங்குங்கள். 12 ஜிபிக்கு மேல் இறங்க வேண்டும், லேன் கேபிள் கட்டாயம்.

கணினி சிலமுறை தானே ரீஸ்டார்ட் ஆகும். ஒவ்வொரு முறையும் மெனுவில் மேக்ஓஎஸ் இன்ஸ்டாலரைத் தேர்வுசெய்யுங்கள். அது மறைந்தபின் உங்கள் டிஸ்க்கின் பெயர் வரும். "ஒரு நிமிடத்துக்கும் குறைவு" என்று காட்டிவிட்டு நெடுநேரம் நிற்பது சகஜம். கை பரபரக்கும், ரீசெட் பட்டனைத் தொடாதீர்கள்.

டெஸ்க்டாப் வந்த பிறகு

மவுன்ட்இஎஃப்ஐ கருவியால் உள் டிஸ்க்கின் இஎஃப்ஐ பகுதியைத் திறந்து, பென் டிரைவின் இஎஃப்ஐ ஃபோல்டரைக் காப்பி செய்யுங்கள். இனி பென் டிரைவ் இல்லாமலே பூட் ஆகும். அதை அழிக்க வேண்டாம், கெட்டுப்போனால் அதுதான் கைகொடுக்கும்.

சத்தம் வராவிட்டால் ஆடியோ சிப்புக்கான லேஅவுட் எண்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும். யுஎஸ்பிக்கு இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது. மேக் ஒரு கன்ட்ரோலருக்கு 15 போர்ட்டுகளுக்கு மேல் ஏற்காது, யுஎஸ்பி 3 துளை ஒவ்வொன்றும் இரண்டு போர்ட்டாகக் கணக்காகும். யுஎஸ்பிடூல்பாக்ஸை விண்டோஸில் ஓட்டி, துளை துளையாக ஒரு பென் டிரைவைச் செருகி எடுத்து, தேவையானதை மட்டும் வைத்துக் கெக்ஸ்ட் உருவாக்குங்கள். ஸ்லீப் போட்டதும் கணினி தானே விழித்துக்கொள்வது பெரும்பாலும் இதனால்தான்.

விண்டோஸுக்குத் திரும்பினால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். மேக் மதர்போர்டு கடிகாரத்தில் யுடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. விண்டோஸையும் யுடிசி படிக்கச் சொல்லி ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பு சேர்த்தால் சரியாகிவிடும்.

தானியங்கி அப்டேட்டை அணைத்து வையுங்கள். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் முன் ஓபன்கோரையும் கெக்ஸ்ட்களையும் புதுப்பித்து, பென் டிரைவிலிருந்து ஒருமுறை பூட் செய்து பார்த்துவிட்டு உள் டிஸ்க்குக்கு மாற்றுங்கள். ஐமேக்19,1 அடையாளத்தில் செகோயாவரை போகலாம், டாஹோ அதை ஏற்காது. எல்லாம் ஒரு வாரம் ஒழுங்காக ஓடினால் ஓபன்கோரின் டீபக் ஃபைல்களை எடுத்துவிட்டு ரிலீஸ் பதிப்பைப் போடுங்கள், பூட்-ஆர்க்ஸிலிருந்து வெர்போஸையும் நீக்கிவிடலாம்.