உண்மை ஆணையம்: ஆள் எடுக்கும்போதே நடக்கும் தவறுகள்

உள்நாட்டுப் போர் ஓய்ந்த நாடுகளில், போர்க்காலக் கொடுமைகளை விசாரித்து அறிக்கை தரும் உண்மை ஆணையம் அமைப்பது இப்போது கிட்டத்தட்ட வழக்கமாகிவிட்டது. அறிக்கை வந்த பிறகு உட்கார்ந்து குறை சொல்கிறோம். ஆனால் பெரும்பாலான கோளாறுகள் உறுப்பினர் பட்டியல் வெளியாகும் அன்றே கண்ணில் பட்டுவிடும்.

இருப்பதிலேயே பெரிய தவறு, எந்தக் காலத்தை விசாரிக்க வேண்டுமோ அந்தக் காலத்தில் அரசுப் பதவி வகித்தவரையே விசாரணை நாற்காலியில் உட்கார வைப்பது. இலங்கையில் 2010-இல் அமைந்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு உறுப்பினர்கள். ஆராய வேண்டிய காலம் 2002 பிப்ரவரி முதல் 2009 மே வரை. தலைவர் சி.ஆர். டி சில்வா அந்தக் காலத்துக்குள்ளேயே சட்டமா அதிபராக, அதாவது அரசின் தலைமை வழக்கறிஞராக, இருந்தவர். போரின் கடைசி மாதங்களில் ஐ.நா.வில் இலங்கைக்காகப் பேசிய பாலிஹக்காரவும் ஓர் உறுப்பினர். அவர்கள் தனிப்பட்ட முறையில் எவ்வளவு நேர்மையானவர்களாக இருந்தாலும் சரி, காணாமல் போன மகனைப் பற்றிச் சொல்ல வரும் தாய் எந்த நம்பிக்கையில் வாயைத் திறப்பாள்? ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல், ஹியூமன் ரைட்ஸ் வாட்ச், இன்டர்நேஷனல் கிரைசிஸ் குரூப் ஆகிய பன்னாட்டு அமைப்புகள் மூன்றுமே சாட்சியம் சொல்ல வர மறுத்தன. இத்தனைக்கும் அறிக்கையில் உருப்படியான பரிந்துரைகள் இருந்தன. அவற்றை நிறைவேற்றும்படி 2012-இல் ஐ.நா. மனித உரிமைப் பேரவையே கேட்டது. பரிந்துரை நன்றாக இருந்தும் போன நம்பிக்கை போனதுதான்.

அதற்காக வெளிநாட்டவரை மட்டும் வைத்தால் தீருமா? மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடாரில் ஆணைய உறுப்பினர் மூவருமே வெளிநாட்டவர். உள்ளூர்க்காரர் யாரும் பயமில்லாமல் அந்த வேலையைச் செய்திருக்க முடியாது என்பதால் அது நியாயமான முடிவுதான். 1993 மார்ச் 15 அன்று குற்றம் செய்தவர்களின் பெயர்களோடு அறிக்கை வந்தது. ஐந்தே நாளில் நாடாளுமன்றம் பொதுமன்னிப்புச் சட்டம் போட்டுவிட்டது. அதை ரத்து செய்ய 2016 ஆயிற்று. அறிக்கையைக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் உள்ளே நின்று மல்லுக்கட்ட முடியாது. சியரா லியோனில் உள்நாட்டவர் நால்வர், வெளியார் மூவர் என்று கலந்து வைத்தார்கள். எனக்கு இந்த வழிதான் பிடிக்கிறது.

மொழியையும் மறந்துவிடுகிறார்கள். பெருவில் பலியானவர்களில் நான்கில் மூவர் கெச்சுவா போன்ற பழங்குடி மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். ஆணையத்தின் பன்னிரண்டு பேரில் பெரும்பாலோரோ ஸ்பானிஷ் பேசும் படித்த நகரத்துக்காரர்கள். குவாத்தமாலாவில் இருந்தது மூன்றே இடம். ஆனாலும் அதில் ஒன்று மாயாப் பழங்குடி இனத்தைச் சேர்ந்த கல்வியாளர் ஒட்டிலியா லுக்ஸுக்குக் கிடைத்தது.

அப்புறம் லைபீரியா. யாருக்கு என்ன தண்டனை பரிந்துரைப்பது, குற்றம் சாட்டப்படுபவருக்குப் பதில் சொல்ல எப்படி வாய்ப்புத் தருவது என்பதையெல்லாம் முதலிலேயே பேசி முடித்துக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதை அங்கே பார்க்கலாம். 2009 அறிக்கை, அப்போதைய அதிபர் எலன் ஜான்சன் சர்லீஃப் உட்படப் பலர் 30 ஆண்டுகளுக்குப் பொதுப் பதவி வகிக்கக் கூடாது என்றது. ஒன்பது உறுப்பினர்களில் இருவர் கையெழுத்துப் போடவில்லை. 2011-இல் உச்ச நீதிமன்றம், முறையான விசாரணை இல்லாத அந்தத் தடை அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று தள்ளிவிட்டது. அதே ஆண்டுத் தேர்தலில் சர்லீஃப் மீண்டும் வென்றார்.